இருசம்மா எல்லாம் இறங்கு

முதலில் நான் பார்த்தது ஏணியைத்தான். கச்சிராயபாளையத்திலிருந்து அணைக்குப் போகிற வழியில், புளியமரங்கள் முடிந்து சாலை மலையைப் பார்த்துத் திரும்புகிற வளைவில், இருசம்மாள் வீட்டுச் சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. அதன் உச்சியில் ஒரு பெயிண்டர் நின்றுகொண்டு ஒரு பெண்ணின் பல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். பல் ஒவ்வொன்றும் முறம் அகலம். அந்தப் பெண் கையில் ஒரு நீலக் கட்டி சோப்பு, தலைக்குப் பின்னால் தேர்ச்சக்கரம் அளவுக்கு ஒரு நிலா. கீழே இருசம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்து, "இன்னாப்பா, இம்மாம் பெரிய மூஞ்ச எழுதிட்டு ஒரு மூக்குத்தி வெக்கிலியே, பொம்பள பாவமா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் செபாஸ்தியான் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பல்லையே பார்த்தான். நானும் பார்த்தேன். பஸ்ஸில் இருந்த எழுபது பேரும் ஒரே பக்க ஜன்னலுக்குச் சாய்ந்ததில் வண்டி கவிழ்ந்திருக்க வேண்டியது, ஏதோ புண்ணியம்.

நான் அந்தத் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராகக் காலத்தை ஓட்டியவன். இப்போது கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் "வெள்ளிமலை, வெள்ளிமலை" என்று ஒரு கூவு கூவினால் சின்னசேலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வான். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பாள் என் மனைவி அமிர்தம். எந்தப் பாதி என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

அந்த வளைவில் பஸ் நிற்கும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கச்சிராயபாளையம் விட்டால் அணைதான், நடுவில் ஸ்டாப் கிடையாது. மலைமேல் இருக்கிற குக்கிராமங்களுக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை அந்த வளைவில்தான் பிரிகிறது. இருந்தாலும் அணைவரை போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். கை காட்டிக் கை காட்டி இருசம்மாளுக்குத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். ஒரு தை மாதம் அவள் தன் கேழ்வரகுக் கதிரைக் கொண்டுவந்து சாலையில் கொட்டினாள். எங்கள் பக்கம் எல்லோரும் கொட்டுவதுதான், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று மெல்லிசாகப் பரப்பி வைப்பார்கள். இவள் கொட்டியது பஸ்ஸின் முன்கண்ணாடி உயரத்துக்கு இருந்தது. சரி, பம்பர் உயரம். செபாஸ்தியான் பிரேக்கை மிதித்தான். பஸ் நின்றதும் நிதானமாக ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, புடவையை உதறிச் செருகிக்கொண்டு, "ஒரு கள்ளக்குறிச்சி குடு" என்றாள். மறுநாள் கம்பு. அப்புறம் எள்ளு. கொட்ட ஒன்றும் இல்லாத நாளில் வெறும் வைக்கோல். செபாஸ்தியான் மாதாவை வேண்டிக்கொண்டு, இனிமேல் கதிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தான். ஸ்டாப் என்றால் பெயர் வேண்டுமே. என் வாயில் அதுவாக வந்தது. வளைவு தெரியும்போதே, "இருசம்மா எல்லாம் எறங்கு!" என்று கூவுவேன். மலைக்காரர்கள் உப்பு மூட்டையோடும் மண்ணெண்ணெய் டின்னோடும் இறங்குவார்கள். கள்ளக்குறிச்சியில் ஏறுகிறவர்கள் "ரெண்டு இருசம்மா குடு" என்பார்கள். பெரிய பெரிய தலைவர்கள் பெயரில் பஸ் ஸ்டாண்டு இருக்கலாம். உயிரோடு இருக்கும்போதே, அதுவும் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கும்போதே, தன் பெயரில் ஸ்டாப் வைத்திருந்தவள் தமிழ்நாட்டில் இவள் ஒருத்திதான்.

அந்த ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தது காசிநாதன். பால்நிலா சலவை சோப்புக்கு எங்கள் பக்கத்து ஏஜெண்ட். தொண்ணூற்றி மூணாம் வருஷத்து வெயிலில் கழுத்துக்கு டை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றியவர். அவர் சுவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். தள்ளி நின்று பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இருசம்மாள் வீட்டுச் சுவர் சாலைக்கு நேராக நிற்கும். வளைவில் வருகிற எவன் கண்ணும் அதில் மோதாமல் திரும்ப முடியாது. இருசம்மாளின் புருஷன் முனியன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான், கேட்க வேண்டியவள் இவள்தான். சுவருக்குக் கூலியாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். வாளியிலும் அதே நிலா, அதே பெயர். "மழைக்கு முந்தி சொவுத்துக்கு ஒரு சுண்ணாம்பு ஆச்சு, வாளியும் வந்துட்சி. யாரு வேணான்னுவா?" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்கப்புறம் பால்நிலா எங்கள் சீமையைப் பிடித்ததைப்போல வெள்ளைக்காரன்கூடப் பிடிக்கவில்லை. காலையில் வேனில் பாட்டு வரும்: "பால்நிலா பால்நிலா, அழுக்கு எங்க போச்சு நிலா?" சாயங்காலம் அதையே பிள்ளைகள் பாடும். கச்சிராயபாளையத்தில் கூத்து நடந்தபோது, சேலையை உருவுகிற கட்டத்தில், ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம், கட்டியங்காரன் முன்னால் வந்து "எவ்ளோ இழுத்தாலும் சாயம் போவாது, அம்மா கட்டியிருக்கிறது பால்நிலாவுல தொவச்ச சேல!" என்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வருஷம் மலையடிவாரத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்குப் பால்நிலா என்று பெயர். மீதிப் பாதி ஆண் குழந்தையாகப் போய்விட்டதால் தப்பித்தது. கடையில் சோப்பு என்று கேட்பதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள். வேறு கம்பெனி சோப்பை எடுத்துக் கொடுத்தால், "இந்தப் பால்நிலா வேணாம், அந்த மஞ்ச கலர் பால்நிலா குடு" என்பார்கள். உவர்மண்ணில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கட்டியை வாங்கி, துவைக்க மனசு வராமல் புடவைக்கு நடுவில் வாசனைக்கு வைத்தார்கள்.

மழை ஓய்வதற்குள் ஒரு நாள், மலைமேல் குக்கிராமத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் என்னிடம், "ஒரு பால்நிலா குடுங்க" என்றார்.

"சோப்பு கடையில வாங்கிக்கோங்க டீச்சர்."

"அந்த ஸ்டாப்ப சொன்னேங்க. பல்லு தெரியுமே, அந்த வளைவு."

நான் எப்போதும்போல "இருசம்மா எல்லாம் எறங்கு" என்றுதான் கூவினேன். டீச்சர் எழுந்திருக்கவில்லை. அணையில் இறங்கி என்னோடு சண்டை போட்டார். அடுத்த வாரம் நாலு பேர் பால்நிலா கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் பஸ்ஸே கேட்டது. ரேஷன் கடைக்காரன் இருசம்மாளை "பால்நிலாம்மா, கார்ட குடு" என்றானாம். அவள் முதலில் சிரித்தாள். "பாத்தியா கண்டக்டரே, ஒரு வாளிக்கு நானே சோப்பா பூட்டேன்."

சிரிப்பு நின்றது அவள் தங்கை ராஜாம்பாளால். ராஜாம்பாளைக் கட்டிக்கொடுத்தது உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம், திருநாவலூரில். வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவைப் பார்க்க வருவாள். அந்தத் தடவை வந்த நாளில் நான் லீவு, மச்சான் கல்யாணம். எனக்குப் பதில் வந்த கண்டக்டர் புதுசு. அவள் "இருசம்மாவுல எறக்கி வுடுங்க" என்றதற்கு, "அப்பிடி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்ல இல்லியேம்மா" என்றிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் காதில் அந்தப் பெயர் விழவே இல்லை. இருட்டுகிற நேரம், அடைமழை. "பால்நிலா எறங்கு, பால்நிலா எறங்கு" என்று அவன் கூவியபோது ராஜாம்பாள் யாருக்கோ என்று உட்கார்ந்திருந்தாள். அணையில் இறக்கிவிட்டான். முறுக்கு, அதிரசம், அக்காவுக்கு எடுத்த புதுப்புடவை எல்லாவற்றோடும் மழையில் நடந்து திரும்பி வந்து, கதவைத் தட்டி, "ஒன் பேருல ஊரே இல்லங்கிறாங்கக்கா" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாளாம்.

லீவு முடிந்து நான் வந்தபோது இருசம்மாள் வளைவில் நின்றிருந்தாள். ஏறவில்லை. படிக்கட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். பஸ் போகக் கூடாது என்று அர்த்தம்.

"எம்மேல இன்னா கோவம்?" என்றேன்.

"ஒம்மேல இல்ல. ரேசன் கடையில நானு முனியன் பொண்டாட்டி. கரும்பு வெட்டுல மேஸ்திரி 'ஏ பச்ச பொடவ'ன்னுவான். ஆஸ்பத்திரில 'தள்ளி நில்லும்மா'. வாயத் தொறந்து இருசம்மான்னு கூவறது இந்த லோகத்துல நீ ஒருத்தன்தான் கண்டக்டரே. அதையும் ஒருத்தன் வந்து சோப்பு போட்டு கழுவிட்டான்." கையை எடுத்தாள். "போ. நான் பாத்துக்கறேன்."

அவள் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதை மறுநாள் முதல் டிரிப்பிலேயே பார்த்தோம். அந்தச் சிவப்பு வாளி நிறையச் சாணி. உமியைக் கலந்து, பதமாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, சுவரில் அறைந்துகொண்டிருந்தாள். வரட்டி தட்டுகிறாள்! அதிலும் முதல் வரட்டி அந்தப் பெண்ணின் முன்பல்லில். நாங்கள் மலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பல் முழுக்கப் போய்விட்டது. அடுத்த டிரிப்பில் நிலாவுக்குக் கிரகணம். சாயங்காலம் பார்த்தால் சுவர் முழுக்க வரட்டி. ஒவ்வொரு வரட்டியிலும் அவளுடைய ஐந்து விரல். ஒரு கண் மட்டும் எட்டாமல், உச்சியில், புருவத்தோடு மிஞ்சி இருந்தது. ஆயிரம் கைக்கு நடுவிலிருந்து ஒரு கண் பஸ்ஸைப் பார்க்கும். செபாஸ்தியான் அந்தப் பக்கம் திரும்பாமல் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டான். அப்போது மட்டும் எலெக்ஷன் ஏதாவது வந்திருந்தால் ஒரு கட்சிக்காரன் வந்து சுவரைக் கும்பிட்டிருப்பான், இன்னொரு கட்சிக்காரன் தாசில்தாரிடம் ஓடியிருப்பான்.

காசிநாதன் வந்தபோது எங்கள் பஸ் அங்கேதான் நின்றிருந்தது. எங்கள் பஸ் எப்போது அங்கே தேவையோ அப்போது டயரில் காற்று குறைந்துவிடும்.

"ஏம்மா, இன்னாம்மா இது? வாளி வாங்கினீங்க இல்ல?"

"வாங்கனேன்."

"அப்பறம்?"

"வாளி குடுத்தது சொவுத்துக்கு. பேருக்கு இல்ல."

"யாரும்மா ஒங்க பேர எடுத்தாங்க? நான் எடுத்தனா? ஜனங்களா சொல்றாங்க. ஜனங்க வாய நான் தெக்க முடியுமா?"

"நீ தெக்க வேணாம் தம்பி. நான் மொழுகிக்கறேன்."

காசிநாதன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கோபத்தில்கூட டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாணிக்குப் பக்கத்தில் குனிந்தார், ஆனாலும் குனிந்தார். "வரட்டி காஞ்சதும் எடுத்துருங்கம்மா, மேலதிகாரி வராரு" என்று கெஞ்சிவிட்டுத்தான் போனார்.

எடுத்தாள். காய்ந்ததும் ஒவ்வொன்றாக உரித்தாள். கம்பெனி அடித்திருந்தது மட்டமான பெயிண்ட். வரட்டியோடு சேர்ந்து சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. ஒரு வரட்டியின் முதுகில் நிலாத் துண்டு, இன்னொன்றில் நீலம், இன்னொன்றில் உதட்டுச் சிவப்பு. கூடையில் அடுக்கி எங்கள் பஸ்ஸில்தான் கச்சிராயபாளையம் கொண்டுபோனாள். அங்கேதான் ஜனங்கள் அவளுக்கு வைத்தார்கள் வேட்டு. டீக்கடை ஆதிமூலம் ஒரு வரட்டியை எடுத்தான், முதுகைத் திருப்பினான், நீலத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்தான்.

"அட, பால்நிலா வரட்டி!"

அவ்வளவுதான். ஒரு பொம்பளை ஓடி வந்தாள். "எனக்கும் அந்த பால்நிலா வரட்டி. பாத்து, நீலம் இருக்கிறதா குடு." பக்கத்தில் குஞ்சம்மாள் என்கிற கிழவி, பாவம், முப்பது வருஷமாக அங்கே வரட்டி விற்கிறவள், அவளிடம் போய் "ஒன்னுது லோக்கலு" என்றார்கள். ஆதிமூலம் அங்கேயே ஒன்றை அடுப்பில் வைத்து, "பாருய்யா, புகையே இல்ல! டீ எப்பிடி கொதிக்குது பாரு!" என்று சத்தியம் செய்தான். அந்தப் புகையில் எனக்கு அவன் முகமே தெரியவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் விசிலை விழுங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். இருசம்மாள் சிரிக்கவில்லை. ஆதிமூலம் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"இது என் மாடு போட்டது. நான் தட்டனது. தோ பாரு, என் கையி. ஒன் கண்ணுக்கு கையி தெரியல, முதுவுல ஒட்டிக்கினு இருக்கிற சாயம் தெரியுது?"

"கோச்சிக்காதம்மா. பேரு நல்லா இருக்குதுல்ல, ஜாஸ்தி விக்கும்."

"விக்கலன்னா நான் எரிச்சிக்கறேன்."

மொத்தக் கூடையையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். போகிற வழியில் நாலு வரட்டியைக் குஞ்சம்மாள் கிழவியின் குவியலில் வைத்துவிட்டுப் போனாள், முதுகுப் பக்கம் கீழே இருக்கும்படி.

சுவரில் அவள் மறுபடி வரட்டி தட்ட, காசிநாதன் எங்கள் பஸ் முதலாளியிடம் போனார். என்ன பேசினார்களோ, அடுத்த வாரம் எங்கள் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க அந்தப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தாள். ஏணி இல்லாமலே ஊர் ஊராகப் போனாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெற்றிலை போட்ட வாய். எதையும் ஒரு பக்கக் கன்னத்தால்தான் சொல்வார். "இனிமே அந்த வளைவுல பால்நிலான்னுதான் கூவணும். பழைய பேரு கூடாது. இது ஆர்டரு." நான் கூவினேன். சோறு அங்கேதான் இருந்தது. ஆனால் என் குரல் கூவவில்லை என்று செபாஸ்தியான் சொன்னான். மூக்கடைத்த ஆடு மாதிரி இருந்ததாம்.

ஆர்டர் வந்த மூன்றாம் நாள் காலை, இருசம்மாள் கச்சிராயபாளையத்தில் ஏறினாள். மடியில் சிவப்பு வாளி. நல்ல புடவை கட்டியிருந்தாள், தங்கை எடுத்து வந்தது. டிக்கெட் வாங்கினாள். வளைவு வந்தது. நான், மூக்கடைத்த ஆடு, "பால்நிலா எல்லாம் எறங்கு" என்றேன். மலைக்காரர்கள் இறங்கினார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கும்மா. ஒன் வூடு."

"என் வூடு எங்க வந்துட்சி? பால்நிலான்ற. அது யாரு வூடோ. நான் இருசம்மா போறவ."

"இன்னா வெளாட்டு இது?"

"நீ ஆர்டர் போடற மொதலாளியோட ஆளு. நான் டிக்கெட் வாங்கன ஆளு. என் ஸ்டாப்பு வந்தா கூவு, எறங்கிக்கறேன்."

விசில் ஊதினேன். அணைக்குப் போனோம். மலை ஏறினோம். வெள்ளிமலையில் பஸ் நின்றபோது இறங்கி, வாளியில் தண்ணீர் பிடித்து முகம் கழுவி, மறுபடி அதே சீட்டில் உட்கார்ந்தாள். மலை இறங்கி வரும்போது வளைவில் மறுபடி கூவினேன். தன் வீட்டையே ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தெரியாத ஊரைப் பார்ப்பதுபோல. வாசலில் அவள் மாடு எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கத்தியது. "மாட்டுக்கு புல்லு போட யாருமில்லபோல. பாவம், யாரு மாடோ" என்றாள். கள்ளக்குறிச்சி போனோம். திரும்பினோம். மத்தியானத்துக்குள் செய்தி எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் எட்டிப் பார்த்து, "எறங்கிட்டாளா?" என்றார்கள். ஒருத்தி அவளுக்குத் தூக்கில் களி கொடுத்தாள். இன்னொருத்தி மாட்டுக்குப் புல் போடுகிறேன் என்று வளைவில் இறங்கினாள். நான் "பால்நிலா" என்று கூவ வாயைத் திறந்தாலே பஸ் முழுக்கப் பெண்கள் இருமினார்கள். அப்படி ஒரு இருமல் தொற்று அந்த ஜில்லா கண்டதில்லை.

கடைசி டிரிப்புக்குக் கச்சிராயபாளையத்தில் முதலாளியே வந்து ஏறினார். கூடவே காசிநாதன்.

"இன்னாம்மா வேணும் ஒனக்கு?"

"எறங்கணும் மொதலாளி."

"எறங்கேன்."

"எங்க?"

"ஒன் வூட்டாண்ட!"

"அத இன்னான்னு கூவுவாரு கண்டக்டரு?"

முதலாளி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பஸ்ஸின் பின்பக்கத்துப் பல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். காசிநாதன் முன்னால் வந்தார்.

"ஏம்மா, ஒரு பேருக்கா இவ்ளோ ரகள? நீங்க எறங்கறீங்க, ஏறறீங்க. பஸ்ஸு நிக்குதா இல்லியா? அது எந்த பேரா இருந்தா ஒங்களுக்கு இன்னா?"

இருசம்மாள் வாளியை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "சோப்பு நல்ல சோப்புதான் தம்பி. நான் கொற சொல்ல மாட்டேன். இந்தப் பொடவையே அதுல தொவச்சதுதான். நீ ஒண்ணு செய்யி. நாளைக்கி அத வெள்ளக் காயிதத்துல சுத்தி, பேரு போடாம, பாட்டு பாடாம, கச்சிராயபாளையத்துல வெச்சி வித்துப் பாரு. வித்துட்டு வந்து, பேரு எதுக்குன்னு என்னக் கேளு."

காசிநாதன் டையைப் பிடித்தார்.

"ஒரு பேருக்காவ ஊர் ஊரா ஏணி தூக்கிக்கினு அலையறவன் நீ. நானு ஒரு பஸ்ஸுல ஒக்காந்துக்கினு இருக்கறேன். யாரு ரகள பண்றது?"

இருமல் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

புளியமரங்கள் வந்தன. வெளிச்சம் மங்கி, மலை நீலமாக முன்னால் எழுந்தது. செபாஸ்தியான் வேகத்தைக் குறைத்தான். முதலாளி என் வலது பக்கம், காசிநாதன் இடது பக்கம். பஸ் நின்றது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கூவத் தொண்டை வரவில்லை. செபாஸ்தியான் இன்ஜினையும் அணைத்துவிட்டான், துரோகி. ஐம்பது அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள்.

பின்சீட்டில் ஒரு பெரியவர் மடியில் சேவலோடு தூங்கிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து, மலைக்காரர். மகளைப் பார்க்க மணலூர்பேட்டைப் பக்கம் போய் மாசக்கணக்கில் தங்கிவிட்டு, சுவர், வாளி, ஆர்டர் எதுவும் தெரியாமல் அப்போதுதான் திரும்பி வருகிறவர். இன்ஜின் சத்தம் நின்றதும் திடுக்கிட்டு விழித்தார். சேவலும் விழித்தது.

"கண்டக்டரே, இருசம்மா வந்துட்சா?"

பயணி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது கண்டக்டர் வேலை. எந்த முதலாளியும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. என் தொண்டை திறந்தது.

"வந்துட்சு பெரியவரே! இருசம்மா எல்லாம் எறங்கு!"

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், ஆனால் இதைத் தள்ளாதீர்கள். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்து முதலாளியின் வாயிலிருந்த வெற்றிலையைக் கீழே தள்ளியது. இருசம்மாள் எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டாள். பெரியவருக்கு வழிவிட்டு, சேவலைத் தடவிக்கொடுத்து, அவருக்குப் பின்னால் இறங்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருமல் மட்டும் நின்றுவிட்டது.

மறுநாள் காலை முதல் டிரிப். இரவெல்லாம் வேலை போய்விடும் என்று அமிர்தத்திடம் புலம்பியது தனிக்கதை. வளைவு திரும்பினால், சுவரில் மறுபடி ஏணி. வரட்டியெல்லாம் உரித்துக் கீழே குவித்திருந்தார்கள். இந்தத் தடவை பெயிண்டர் இரண்டு பேர். காசிநாதன் டையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, "நிலாவ இன்னும் பெருசாக்கு" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். பல் பாதி முடிந்திருந்தது. யாரோ கேட்டுக்கொண்டதற்காகவோ என்னவோ, அந்தப் பெண்ணின் மூக்கில் இப்போது ஒரு மூக்குத்தி இருந்தது.

செபாஸ்தியான் வண்டியை நிறுத்தினான். டயரில் காற்று குறைந்துவிட்டதாம்.

இருசம்மாள் புளியமரத்து நிழலில் குந்தியிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சிவப்பு வாளியில் சாணியையும் உமியையும் போட்டு, அவசரமே இல்லாமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒக்காந்துக்கினு இருக்கிற?" என்று ஜன்னலிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"காயட்டும்" என்றாள். "ஈரத்துல ஒட்டாது."

பெயிண்டர் மேலே தூரிகையைத் தோய்த்து அடுத்த பல்லைத் தொடங்கினான். நான் ஏணியின் அடியைப் பார்த்தேன். கடைசிப் படியில், இன்னும் பச்சையாக, சாணியில் ஐந்து விரல்.